வாழைச் சீப்பின் வெட்டுவாய் அழுகலுக்கும் பப்பாளிப் புள்ளிக்கும் வாசனை எண்ணெய்: பயன்படுத்திப் பார்த்தவர்கள் உண்டா?

பிஎம்_பழக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் அப்பா தொடங்கிய பழக்கடையை ஆறு ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். வாரத்திற்கு இருமுறை கூலிம் பக்கத்திலிருந்து பெராங்கான் வாழைத் தார்களும், விசேஷ நாள்களை ஒட்டி ரஸ்தாளியும், பேராக்கிலிருந்து எக்சோத்திக்கா பப்பாளியும் லோரியில் வந்து இறங்கும். தார்களை நாங்களே சீப்புச் சீப்பாக வெட்டி, தொட்டியில் கழுவிக் கறை போக்கி, பெட்டியில் அடுக்கிப் பழுக்க வைக்கிறோம்.

சீப்பை வெட்டி எடுத்த இடம் மூன்றாம் நாளே கறுக்கத் தொடங்குகிறது. ஐந்தாம் நாள் அதன்மீது வெள்ளைப் பூசணம் பஞ்சுபோல் படர்ந்து, கறுப்பு காம்புவரை இறங்கி, தூக்கினால் பழங்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிடுகின்றன. பழத்தின் உள்ளே ஒரு குறையும் இருப்பதில்லை. ஆனால் தாம்பூலத் தட்டுக்கும் கோயில் அர்ச்சனைக்கும் வாங்க வருபவர்கள் வெட்டுவாய் கறுத்த சீப்பைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. தைப்பூச வாரத்தில் அப்படி ஒதுங்கிய சீப்புகளை உதிரிப் பழமாகப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. பப்பாளியின் கதை வேறு. செங்காயாக இருக்கும்வரை தோல் மாசு மறுவின்றி இருக்கும். மஞ்சள் பரவியதும் அங்கங்கே வட்ட வட்டமாகக் குழி விழுந்துவிடும்.

செடிகளிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்கள் பூசணத்தைத் தடுக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் எலுமிச்சைப்புல் எண்ணெய் வாங்கினேன். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கலக்கி, பப்பாளிகளை முக்கி எடுத்தேன். எண்ணெய் தண்ணீரின் மேலேயே மிதந்தது. முதலில் முக்கிய நான்கைந்து பழங்களின் தோலில் மறுநாள் காலையில், எண்ணெய் வழிந்து நின்ற தடம் அப்படியே பழுப்புக் கோடுகளாக வெந்து கிடந்தது. பின்னால் முக்கிய பழங்கள் வழக்கம்போல் குழி விழுந்து அழுகின. ஆக, ஒரு பகுதிக்கு எண்ணெய் மிகுந்துவிட்டது, மறு பகுதிக்கு எண்ணெயே படவில்லை என்பதுவரை எனக்குப் புரிகிறது.

இந்த எண்ணெய்கள் உண்மையிலேயே பயன் தருமா, எந்த எண்ணெயை எந்த அளவில் எப்படிக் கலக்க வேண்டும், வாழைக்கும் பப்பாளிக்கும் ஒரே முறை போதுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செலாயாங்_விடியற்காலை எழுதியது:

வணக்கம் தம்பி. கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தையில் நானும் வாழை வியாபாரிதான். எண்ணெய் வாங்கும்போது நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் 'செராய் வாங்கி' எண்ணெய் என்ற பெயரில் விற்கிறார்களே, அது கொசு விரட்டப் பயன்படும் சிட்ரோனெல்லா. நாம் குழம்பிலும் தேநீரிலும் போடும் செராய், அதாவது எலுமிச்சைப்புல், வேறு. இரண்டும் ஒரே பேரினத்துப் புல்தான் என்றாலும் எண்ணெயின் சேர்மானம் ஒன்றன்று. உங்கள் புட்டியில் இருப்பது எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராம்பு எண்ணெயை ஒரு துணியில் நனைத்துப் பழுக்க வைக்கும் பெட்டிக்குள் தொங்கவிட்டும் பார்த்தேன். பூசணம் ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் பல் மருத்துவரின் அறைக்குள் நுழைந்தது போல் இருந்ததென்று வாடிக்கையாளர் ஒருவர் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். இன்னொன்று: மிஞ்சிய எண்ணெயை வெள்ளைப் பஞ்சுக் கிண்ணத்தில், அதாவது பாலிஸ்டைரின் கிண்ணத்தில், ஊற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் கிண்ணத்தின் அடி கரைந்து மேசையெல்லாம் எண்ணெய். கண்ணாடிப் பாத்திரத்தைத் தவிர வேறெதிலும் ஊற்றி வைக்காதீர்கள்.

ஆய்வுக்கூடத்து_அக்கா எழுதியது:

தம்பி, செர்டாங் பக்கம் ஒரு பழ ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான் ஆய்வாளர் அல்லள். ஆனால் ஆயிரக்கணக்கான பழங்களைக் கழுவி, எண்ணெயில் முக்கி, நாள்தோறும் அழுகலை அளந்து எழுதிய கை இது. நீங்கள் ஒன்றாகக் கேட்ட இரண்டு சிக்கல்களுக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வாழையின் வெட்டுவாய் அழுகல் அறுவடைக்குப் பின்னர் உண்டாவது. கத்தி பட்ட பச்சைப் புண்ணில் கொலெட்டோட்ரைக்கம் மூசே, ஃபியூசேரியம், லேசியோடிப்ளோடியா போன்ற பல பூசணங்கள் கூட்டாகப் புகுந்து அதை உண்டாக்குகின்றன. அவற்றின் வித்துகள் காய்ந்த இலையிலும் பூ மிச்சத்திலும் இருந்து தாரோடு வந்து, உங்கள் கழுவு தொட்டித் தண்ணீரில் கலந்து, புதிதாக வெட்டிய ஒவ்வொரு சீப்பிலும் ஏறிக்கொள்கின்றன. எதிரி இன்னும் வாசலில்தான் நிற்கிறான் என்பதால், மேலே தடவும் மருந்து அவனை எட்டும்.

பப்பாளியின் குழிப்புள்ளி அப்படிப்பட்டதன்று. அதற்குக் காரணம் பெரும்பாலும் கொலெட்டோட்ரைக்கம் குளோயியோஸ்போரியாய்டிஸ் என்னும் பூசணம். காய் மரத்தில் பிஞ்சாக இருக்கும்போதே மழைத்துளியில் தெறித்து வந்த வித்து தோலில் முளைத்து, ஒட்டுறுப்பு ஒன்றை உண்டாக்கித் தோலின் மெழுகுப் படலத்தைத் துளைத்து உள்ளே இறங்கி, அங்கேயே உறங்கிவிடுகிறது. காய் பச்சையாக இருக்கும்வரை அதற்கு இடம் கொடுப்பதில்லை. பழுக்கத் தொடங்கித் தோலின் தற்காப்பு தளர்ந்ததும் அது விழித்துக்கொள்கிறது. மாசு மறுவற்ற செங்காய் என்று நீங்கள் கண்டது இந்த உறக்கத்தைத்தான். எனவே தோலின்மேல் எவ்வளவு எண்ணெய் பூசினாலும் ஏற்கெனவே உள்ளே படுத்திருப்பதை அது ஓரளவுக்குத்தான் எட்டும். உங்கள் குழிகளின் நடுவில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதேனும் திரண்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இதுவேதான். அதற்கு மாறாகப் பழம் நீராக இளகி, சாம்பல் நிற மயிரின் நுனியில் கறுப்புக் குண்டூசித் தலைகள் போல் தெரிந்தால் அது ரைசோபஸ். அது அடிபட்ட காயத்தின் வழியாக மட்டுமே நுழைவது, பக்கத்துப் பழங்களுக்கு ஒரே இரவில் தாவுவது. அதற்கு மருந்து தேடுவதைவிடக் கூடையில் மெதுவாக அடுக்கும் ஆளைத் தேடுவது மேல்.

இனி எண்ணெய். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால், இலவங்கப்பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு, அதே மரத்தின் இலையிலிருந்து எடுத்த எண்ணெயிலோ மறுபடியும் யூஜெனால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், தைம் செடியில் தைமால். இவை பூசணத்தின் உயிரணுச் சவ்வில் புகுந்து அதை ஓட்டையாக்குகின்றன. உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் கசிந்து வெளியேறப் பூசணம் வளர்ச்சி குன்றிச் சாகிறது. கண்ணாடித் தட்டில் ஊட்டக்கூழின்மேல் வளரும் பூசணத்தின் அருகே ஒரு சொட்டு வைத்தால் போதும். எதிரே வெள்ளை வளையம் அப்படியே நின்றுவிடும். அதைக் கண்டு துள்ளிக் குதித்த இளம் ஆய்வாளர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அதே அளவைப் பழத்தில் பூசியபோது முகம் வாடியவர்களும் அவர்களே. தட்டு மூடிய சிறு உலகம். ஆவி எங்கும் போகாது. பழத்திலோ எண்ணெயில் பாதி காற்றோடு போகிறது, மீதியில் ஒரு பங்கைத் தோலின் மெழுகு உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கூடுதலாகப் பூச வேண்டியிருக்கிறது. கூட்டினால் தோல் வேகிறது, மணம் சதையில் ஏறுகிறது. இந்த இரண்டு கரைகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய கால்வாயில்தான் நாம் தோணி ஓட்ட வேண்டும்.

அந்தக் கால்வாயை அகலமாக்க ஒரு வழி, எண்ணெயைத் தனியே பூசாமல் உண்ணத்தக்க ஒரு பூச்சுக்குள் பிடித்து வைப்பது. செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தின் ஆய்வாளர்கள் வாழையிலும் பப்பாளியிலும் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 10 விழுக்காடு அராபியக் கோந்துக் கரைசலில் 0.4 விழுக்காடு இலவங்கப்பட்டை எண்ணெய் கலந்த பூச்சு நல்ல பலன் தந்தது. கோந்து இங்கே இரண்டு வேலை செய்கிறது: எண்ணெயையும் நீரையும் பிணைத்துப் பாலாக்குகிறது, காய்ந்தபின் மெல்லிய தோலாக நின்று எண்ணெய் ஆவியாவதையும் பழம் மூச்சுவிடுவதையும் மெதுவாக்குகிறது. பூச்சு மிகத் தடித்துவிட்டால் பழம் மூச்சுத் திணறி உள்ளே புளித்துவிடும் என்பதால், கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுடைய பழங்கள் குளிர் அறையில் இருந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள்; நம் கடைவீதியின் 32 டிகிரிக்கு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமன்று.

கோந்து வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. நாட்டு மருந்துக் கடையில் பிசின் என்று கேட்டால் சிலர் ஜிகர்தண்டாவுக்குப் போடும் பாதாம் பிசினை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது தண்ணீரில் ஊறிப் பனிக்கட்டிபோல் உப்பிக்கொள்ளுமே ஒழியக் கரையாது. நமக்கு வேண்டியது வேல மரத்தின் பிசின். உணவுத் தரத்தில், தூளாக, அராபியக் கோந்து என்ற பெயரோடு பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைப்பதே பாதுகாப்பு.

செய்முறை இது. ஒரு லிட்டருக்கு 100 கிராம் கோந்துத் தூள். வெதுவெதுப்பான கொதித்து ஆறிய நீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். நன்கு ஆறியபின் லிட்டருக்கு 4 மில்லி எண்ணெய். எண்ணெயை நேராக ஊற்றாமல், முதலில் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் நான்கைந்து கரண்டி கோந்துக் கரைசலோடு சேர்த்துக் கைக்கலக்கியால் ஓங்கி அடியுங்கள். மோர்போல் வெளுத்து, மேலே கண்ணாடி மினுமினுப்பு இல்லாமல் போனபின்தான் மீதிக் கரைசலில் சேர்க்க வேண்டும். உங்கள் எலுமிச்சைப்புல் எண்ணெய் நீரைவிட இலேசானது, ஆகவே மிதந்தது. கிராம்பு எண்ணெயும் இலவங்கப்பட்டை எண்ணெயும் நீரைவிடக் கனமானவை, அடியில் போய்த் தங்கும். அடியில் தங்குவது கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும்: வாளியின் கடைசிப் பழங்கள் முழு எண்ணெயில் குளித்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 20 லிட்டர் வாளிக்கு 80 மில்லி எண்ணெய். கடையில் விற்கும் 10 மில்லிப் புட்டிகளில் எட்டு. தார் தாராக முக்கி எடுக்க அது கட்டுப்படியாகாது. ஆனால் வெட்டுவாய் அழுகல் வெட்டிய இடத்தில் மட்டுமே வருவதால், சீப்பு முழுவதையும் முக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு பாத்திரத்தில் கரைசலை எடுத்து, புதிய தூரிகையால் வெட்டுவாயிலும் அதை ஒட்டி ஓர் அங்குலத்திற்கும் தடவினால், அரை லிட்டரில் நூற்றுக்கணக்கான சீப்புகளை முடித்துவிடலாம். மணமும் பழத்தில் ஏறாது. வெட்டிய சில மணி நேரத்திற்குள் தடவிவிட வேண்டும். மறுநாள் தடவுவது, திருடன் போனபின் கதவைச் சாத்துவது போல.

இதற்கெல்லாம் முன்னால் தொட்டி. காலையில் நிரப்பிய தண்ணீரிலேயே மாலைவரை கழுவுகிறீர்கள் என்றால், எந்த எண்ணெயும் உங்களைக் காப்பாற்றாது. வாழைக்கறை மிதக்கும் அந்தப் பழுப்புத் தண்ணீர் வித்துகளின் குளம். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டு உள்ள, வாசனை சேர்க்காத குளோரின் நீரை லிட்டருக்கு 2 மில்லி வீதம் கலந்தால் பத்து லட்சத்தில் 200 பங்கு கிடைக்கும். கறை அதிகமானால் குளோரின் அதனோடேயே செலவழிந்துபோகும் என்பதால் அதையும் புதுப்பிக்க வேண்டும். கறை போக்க நம் பாட்டிமார் அறிந்த படிகாரமும் நல்லது. வாழை ஏற்றுமதியில் வெட்டுவாய்க்கு இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கழுவி, நீர் வடித்து, பிறகே எண்ணெய்ப் பூச்சு. ஈரத்தின்மேல் தடவினால் எல்லாம் வழிந்துவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இலவங்கப்பட்டை எண்ணெய் நேராகப் பட்டால் தோல் எரியும். சிலருக்குப் பின்னாளில் நிரந்தர ஒவ்வாமையாகவே நின்றுவிடும். என் இடது மணிக்கட்டில் இன்றும் ஒரு தடம் உண்டு.

பிஎம்_பழக்கடை எழுதியது:

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்று காலை ஒதுக்கிய பழங்களைக் கிளறிப் பார்த்தேன். குழிகளின் நடுவில் நீங்கள் சொன்ன அதே ஆரஞ்சு நிறப் பிசுபிசுப்பு வட்ட வளையமாக இருந்தது. தொட்டியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. எங்கள் தொட்டி ஒரு நாளைக்கு ஒருமுறைதான் மாறும்.

ஒரு திருத்தம் கேட்கலாமா? 5 விழுக்காடு என்பது பத்து லட்சத்தில் 50,000 பங்கு. அதில் 2 மில்லியை ஒரு லிட்டரில் கலந்தால் 100 பங்குதானே வரும்? மேலும், எண்ணெயால் ஓரளவுதான் பலன் என்றால் பப்பாளிக்கு வேறு என்னதான் செய்வது?

ஆய்வுக்கூடத்து_அக்கா எழுதியது:

நீங்கள் சொல்வதே சரி, தம்பி. 2 மில்லிக்கு 100 பங்கு, 4 மில்லிக்கு 200 பங்கு. மேலே நான் எழுதியது பிழை, படிப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். 100 பங்கிலேயே தொடங்கலாம். எந்தப் புளிப்புப் பொருளையும் அதோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பப்பாளிக்கு வெந்நீர். ஹவாய்த் தீவுகளில் அழுகலைத் தடுக்க 49 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைக்கும் முறை பல பத்தாண்டுகளாக அறியப்பட்டது. மாம்பழத்திற்கு 52 முதல் 55 டிகிரி வரை, ஐந்து முதல் பத்து நிமிடம். எண்ணெய் எட்டாத ஆழத்தை வெப்பம் எட்டும் என்பதுதான் இதன் சிறப்பு. ஆனால் இரண்டு டிகிரி கூடினாலும் பப்பாளி சமமாகப் பழுக்காமல் உள்ளே கட்டி கட்டியாக நின்றுவிடும். வெப்பமானி இல்லாமல், கையை விட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்கும் வேலை இதில் ஆகாது. வெந்நீரிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த சுத்தமான நீரில் ஆறவிட்டு, நீர் வடிந்தபின் கோந்தும் எண்ணெயும் கலந்த பூச்சைத் தடவினால், வெளியிலிருந்து புதிதாக வந்து ஒட்டும் வித்துகளை அது பார்த்துக்கொள்ளும். எண்ணெய்க்குப் பப்பாளியில் நான் கொடுக்கும் இடம் அவ்வளவுதான். முதலில் நான்கு பழத்தில் செய்து, ஒரு வாரம் பார்த்து, பிறகு பெருக்குங்கள்.

குளிர் அறை இருந்தால் வாழையை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். பச்சைத் தோல் சாம்பல் பூத்துவிடும். அதைப் பூசணம் என்று நினைத்து எண்ணெயைக் குறை சொன்னவர்களும் உண்டு.

பாலிக்பூலாவ்_தோட்டம் எழுதியது:

வணக்கம். இங்கே பினாங்குத் தீவின் பின்புறத்தில் எங்களுக்குச் சிறு தோட்டம். வாழை, பப்பாளி, நாலைந்து ஜாதிக்காய், இரண்டு கிராம்பு மரம். கிழக்கிந்தியக் கம்பெனி 1800-ஆம் ஆண்டை ஒட்டி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் இத்தீவுக்குக் கொண்டுவந்து வளர்த்தது. அப்படிப்பட்ட தீவுக்கு எதிரே இருக்கும் புக்கிட் மெர்தாஜாம்காரர் இன்று வாசனை எண்ணெயை இணையத்தில் தேடி வாங்குகிறார் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. தம்பி தவறாக எண்ண வேண்டாம்.

இங்கே விற்கும் ஜாதிக்காய்த் தைலத்தையே பூசிப் பார்க்கலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். வேண்டாம். மூட்டு வலிக்கு விற்கும் புட்டிகளில் மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்திருக்கும். அது உணவில் படக்கூடாதது. தனி ஜாதிக்காய் எண்ணெய்க்கும் கிராம்பு அளவுக்குப் பூசணத்தை அடக்கும் வலிமை கிடையாது.

காய் கடைக்கு வந்தபின் செய்ய வேண்டியதை அக்கா சொன்னார். நான் தோட்டத்திலிருந்து இரண்டு சொல் சேர்க்கிறேன். பப்பாளி மரத்தில் தொங்கும் காய்ந்த இலையும் காம்பும் அந்தப் பூசணத்தின் வீடு. மழை பெய்தால் மேலிருந்து கீழே காய்களின்மீது வித்து மழையும் சேர்ந்தே பெய்யும். அவற்றைக் கழித்து அப்புறப்படுத்தி, விழுந்த பழங்களை மரத்தடியிலேயே கிடக்கவிடாமல் புதைக்கும் தோட்டத்தின் காய்க்கும், அப்படிச் செய்யாத தோட்டத்தின் காய்க்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் புட்டியாலும் ஈடுகட்ட முடியாது. பேராக்கில் உங்களுக்குக் காய் அனுப்புபவரின் தோட்டத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பெரும் மழைக்குப் பின் பறித்த காயை விரைவில் விற்றுவிடுங்கள். வெயில் நாளில் பறித்ததை வைத்து விற்கலாம்.

வாழைக்குக் கத்தி முக்கியம். மொட்டைக் கத்தியால் அறுத்து நார் நாராகத் தொங்கும் வெட்டுவாய் முதலில் அழுகும். கூர்மையான வளைகத்தியால், தண்டின் தசை கொஞ்சம் சீப்போடு வரும்படி, ஒரே இழுப்பில் வெட்டியது பிந்தி அழுகும். பத்துத் தாருக்கு ஒருமுறை கத்தியைக் குளோரின் நீரில் முக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். பூவின் காய்ந்த நுனி பழத்தின் மூக்கில் ஒட்டியிருந்தால் தொட்டியில் போடும் முன்னரே உதிர்த்துவிடுங்கள்.

தரக்கட்டுப்பாடு_பிஜே எழுதியது:

பெட்டாலிங் ஜெயாவில் பழம் பதனிடும் இடமொன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கிறேன். தொழில்நுட்பத்தை அக்கா நன்றாகவே விளக்கிவிட்டார். சட்டத்தைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராம்பு, இலவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல் எண்ணெய்கள் உணவுக்கு மணமூட்டும் பொருள்களாகப் பாதுகாப்பானவை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் உள்ளன. அதை வைத்துக்கொண்டு இவற்றைப் பழத்தில் எப்படி வேண்டுமானாலும் பூசலாம் என்று வாதிடுவோர் உண்டு. மணத்திற்காகச் சேர்ப்பது ஒன்று, பூசணத்தைக் கொல்வதற்காகப் பயன்படுத்துவது மற்றொன்று. நம் நாட்டில் பூச்சியையும் பூசணத்தையும் கொல்லும் பொருள்கள் 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றை விவசாயத் துறையின்கீழ் இயங்கும் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் யூஜெனால், ஜெரானியால், தைமால் ஆகியவற்றுக்குத் தாவரப் பாதுகாப்புப் பொருளாக 2013-இல் முறைப்படி ஒப்புதல் கொடுத்த பிறகே திராட்சைக்குப் பயன்படுத்தினார்கள். ஆகவே உங்கள் கடைக்குள் முயன்று பார்ப்பதற்கு முன் மாவட்ட விவசாய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சுக் கலவையைப் புட்டியில் அடைத்து மற்ற கடைக்காரர்களுக்கு விற்கும் எண்ணம் வந்தால், கேட்காமல் இறங்கவே இறங்காதீர்கள். மருந்தில்லாப் பழம் என்று பலகை எழுதி வைப்பதும் வேண்டாம். ஏதோ ஒன்றைப் பூசித்தான் இருக்கிறீர்கள்.

எண்ணெயின் தூய்மையைப் பார்க்க ஓர் எளிய வழி: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஓரிரு நாள் வையுங்கள். தூய எண்ணெய் பெரும்பாலும் ஆவியாகிப் போய் இலேசான நிறம் மட்டும் நிற்கும். தேங்காய் எண்ணெயோ வேறு தாவர எண்ணெயோ கலந்திருந்தால் வடைத் தாள்போல் பிசுக்கு ஊடுருவி நிற்கும்.

பிஎம்_பழக்கடை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாளில் விட்ட எலுமிச்சைப்புல் எண்ணெய் வடைத் தாளாகவே நின்றது; விற்றவரிடம் கேட்டேன், பதில் இல்லை. விவசாய அலுவலகத்தில் விசாரித்த பிறகு, கிராம்பு எண்ணெய் புதிதாக வாங்கி, அக்கா சொன்னபடி கோந்தில் அடித்து, பெராங்கான் சீப்புகளில் மட்டும் தூரிகையால் தடவினேன். அதற்கு முன்பே தொட்டி நீரை ஒவ்வொரு லோரிக்கும் மாற்றத் தொடங்கிவிட்டதால், இரண்டில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்தறிய, ஒவ்வொரு பெட்டியிலும் பாதிச் சீப்புக்குத் தடவியும் பாதிக்குத் தடவாமலும், தடவியதற்குச் சிவப்பு நூல் கட்டியும் வைத்தேன். ஐந்தாம் நாள் பார்த்தபோது நூல் இல்லாத சீப்புகளிலேயே முன்னைவிடக் கறுப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அந்தப் பெருமை தொட்டிக்கே. நூல் கட்டியவை ஏழாம் நாள்வரை தாங்கின. வெட்டுவாய் கறுக்காமல் காய்ந்து சுருங்கி மரக்கட்டைபோல் இருந்தது. அருகில் மூக்கை வைத்தால் மட்டும் கிராம்பு மணம். பழத்தை உரித்துத் தின்ற அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை.

பப்பாளியை வெந்நீரில் வைத்தது பாதி வெற்றி. எங்கள் வெந்நீர்ப் பானையில் அடிப்பக்கம் சூடு கூடி, கீழே கிடந்த இரண்டு பழம் கட்டியாகிவிட்டது. நீரைச் சுழலவிடும் சிறு மோட்டார் ஒன்றை மீன்தொட்டிக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். அது 49 டிகிரி நீரில் தாங்குமா, யாரேனும் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

செலாயாங்_விடியற்காலை எழுதியது:

மீன்தொட்டி மோட்டார் அந்தச் சூட்டுக்குச் செய்ததன்று, தம்பி. வெந்நீரில் மின்சாரப் பொருளைப் போட்டு விளையாட வேண்டாம். பழங்களைக் கம்பிக் கூடையில் வைத்துப் பானையின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை துடுப்பால் கிண்டிவிடுங்கள். அந்தச் சிவப்பு நூல் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளை வரும் லோரியிலேயே தொடங்கிவிடுவேன்.